தொள்ளாயிரம் வெள்ளி கேட்ட வீடு

எங்கள் குடும்பத்தில் எனக்கு முந்தின தலைமுறையில் யாரும் வாடகை கொடுத்ததில்லை, வாங்கியதும் இல்லை. நான் கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தில் வீடு வேலையோடு வரும். வேலைக்குப் பெயர் பதிந்த அன்று, கணக்கெழுதுகிற கிராணி ஒரு கதவைக் காட்டுவார். வேலையிலிருந்து பெயர் வெட்டினால் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த வீட்டுக்கு என்ன விலை என்று என் அப்பாவும் கேட்டதில்லை, என் மாமனாரும் கேட்டதில்லை. அதனால் ஐம்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு வீட்டை வாடகைக்கு விட வேண்டிய நிலை வந்தபோது, எவ்வளவு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

வீடு செனாவாங்கில் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது கிடைத்த பணத்தில் வாங்கியது. இரண்டு அறை, பின்னால் நாங்களே தகரம் போட்டு நீட்டிக் கட்டிய அடுப்படி. பத்தொன்பது வருஷம் அதில்தான் இருந்தோம். பிறகு மகன் பக்கத்து ஊரான பாரோயில் வீடு வாங்கி எங்களையும் கூட்டிக்கொண்டான். செனாவாங் வீடு காலியானது.

அந்த வாடகைக்காக நாங்கள் காத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஓய்வு வயது தாண்டியும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். இரவு ஷிப்டுக்குப் போனால் கூடுதலாக ஐந்நூறு வெள்ளி சொச்சம் கிடைக்கும், அதற்காகவே போய்க்கொண்டிருந்தார். வலது முட்டி வீங்கி, காலையில் வீடு திரும்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் காலைத் தூக்கி வாசல்படியில் வைப்பார். ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "வாடகை வர ஆரம்பிச்சதும் நைட் ஷிப்டை விட்டுடறேன்." அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை.

எங்கள் சொந்தத்தில் வீடு வாடகைக்கு விட்டிருந்தவள் ஒருத்திதான். என் கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி. அவளைப் பற்றி உள்ளபடி எழுத வேண்டுமானால், முதலில் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் இரண்டு வருஷம் கழித்து அவள் வந்தாள். வந்த மாதமே மாமியார் அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நாள் நாம் என்ன சாப்பிட்டோம் என்று என் முன்னாலேயே கேட்டார். இந்தப் பொறாமை என்னை அன்றைக்குப் பிடித்தது. கோவிலில் அவள் பாடினால் ஃபாதர் திரும்பிப் பார்ப்பார். நான் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். தோட்டத்து நஷ்ட ஈட்டில் இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் வீடு வாங்கினோம். ஐந்து வருஷத்தில் அவள் தன் வீட்டுக்கு ஒட்டின வீட்டையும் வாங்கிவிட்டாள். அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நற்கருணை வாங்கவே மனம் வரவில்லை. இருந்தும் போய் வாங்கினேன். வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள்.

அந்த இரண்டாவது வீட்டில் பேராக் மாநிலத்திலிருந்து வந்த இரண்டு பெண் பிள்ளைகளைக் குடி வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் தொழிற்பேட்டையில் வேலை. நான் அவளுக்குப் போன் போட்டு, மழை, மருமகள், நவநாள் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பது மாதிரி, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"தொள்ளாயிரம்க்கா."

"அப்படியா, நல்லது," என்று சொல்லிப் போனை வைத்தேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் கேட்டால் குரலில் தெரிந்துவிடும் என்று பயம். அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இரண்டு வீட்டையும் ஒப்பிட்டேன். அவள் வீட்டில் சிமெண்ட் தரை, என் வீட்டில் டைல்ஸ். அவளுக்கு அடுப்படி சின்னது, எனக்குப் பெரியது. அவளுக்குத் தொள்ளாயிரம் என்றால் எனக்கு ஏன் இல்லை? மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். விரல் மணியில் ஓடியது, வாய் ஜெபத்தைச் சொன்னது, மனசு மட்டும் தொள்ளாயிரம், தொள்ளாயிரம் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் கம்பெனியில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து, "அறுநூறு கேளு, ஆள் வந்துரும்," என்றார்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்குத் தொள்ளாயிரம், எனக்கு மட்டும் அறுநூறா?"

அவர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேட்டில் அட்டை எழுதித் தொங்கவிட்டோம். போன் வந்துகொண்டுதான் இருந்தது. விலையைக் கேட்பார்கள், யோசிச்சுச் சொல்றோம் என்பார்கள், அத்தோடு சரி. ஒரு மலாய்க்காரர் சிரித்துக்கொண்டே, அது கோலாலம்பூர் விலை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, ஓரகத்தி மேல்தான் வந்தது. அவளுக்கு மட்டும் எங்கிருந்து இப்படி ஆட்கள் கிடைக்கிறார்கள் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு பையன் மனைவியோடு வந்து வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டான். இருவரையும் கோவிலில் பார்த்திருக்கிறேன். அவனும் செனாவாங்கில் ஷிப்ட் வேலைதான். அவளுக்கு ஐந்து மாதம், முதல் பிள்ளை. அவன் அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள், பிள்ளை பிறப்பதற்குள் தனியாகப் போய்விட வேண்டுமாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள், மெதுவாகத்தான் இறங்கினாள்.

பையன் விவரமானவன். பைப்பைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தான். கைப்பேசி வெளிச்சத்தில் கூரைப் பலகையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தான். டைல்ஸைக் குதிகாலால் தட்டிப் பார்த்தான். அவள் அடுப்படியில் நின்று சன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு எதிர்பாக்குறீங்க ஆன்ட்டி?"

"தொள்ளாயிரம்."

"இந்த வரிசையில அறுநூறுதான்லா போகுது. அறுநூறுன்னா இப்பவே டெப்போசிட் கட்டறேன்."

"இதே வரிசையில தொள்ளாயிரத்துக்கும் போகுது தம்பி. எனக்குத் தெரியாதா?"

"எந்த வீடு ஆன்ட்டி, காட்டுங்க. அந்த வீட்டுக்காரங்க கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்துடறேன்."

சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னான். எனக்கு அது முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. நான் கும்பிடப்பட வேண்டிய ஆள் இல்லை, அவள்தான் என்று சொன்னது போல. யோசிச்சு வாங்க தம்பி என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். ஆறரை நூறு தருகிறேன், கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், பின்பக்கத்துப் பைப்பு ஒழுகுவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். உங்கள் முகத்துக்காக ஐம்பது குறைக்கிறேன் என்றேன். எட்டரை நூறைக் கேட்டு அவன் தலையைச் சொறிந்தான். அவள் வாங்கி வைத்திருந்த திரைச்சீலைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடே கிடைக்காமல் துணி வாங்கியிருக்கிறாளே என்று அப்போது நினைத்தேன். என் சன்னலை அளந்துவிட்டுத்தான் வாங்கினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவை வந்த அன்று என் வீட்டுக்காரரும் இருந்தார். காலையில் ஷிப்ட் முடிந்து நேராக அங்கேயே வந்து, டைல்ஸ் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பையன் கடைசியாக எழுநூறு என்றான். இரண்டு மாத டெப்போசிட் ரொக்கமாகக் கொண்டுவந்திருந்தான், உறை சட்டைப் பையில் தெரிந்தது. இதற்கு மேல் போனால் பால்மாவுக்கு அண்ணனிடம்தான் கை நீட்ட வேண்டும் என்றான். வீட்டுக்காரர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"இந்தா, குடுத்துடு. எழுநூறு நமக்குத் தாராளம்."

எனக்கும் தெரிந்தது. அவருடைய ஷிப்ட் காசுக்கு மேலேயே வருகிறது. சரி என்றுதான் சொல்லிவிட்டு முன்னால் வந்தேன். வாயைத் திறக்கப் போகிற நேரம், ஐந்து வீடு தள்ளி, ஓரகத்தி வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் பெரிய துணி துவைக்கும் மிஷின் ஒன்றை இறக்கினார்கள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்டது, விலை அதிகமான ரகம். என் ஓரகத்தி வாசலில் நின்றுகொண்டு மெதுவா, மெதுவா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாடகைக் காசில்தானே வாங்குகிறாள் என்று எனக்குள் ஏதோ எரிந்தது.

"எண்ணூறுக்குக் கீழ இல்ல தம்பி," என்றேன்.

பையன் ஹெல்மெட்டை எடுத்தான். அவன் மனைவி அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினாள். "வாங்க போலாம். சாமி நமக்கு வேற வீடு வச்சிருப்பாரு." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

வீட்டுக்காரர் தரையில் கையை ஊன்றி எழுந்தார். அன்று சாயந்திரம் வழக்கம் போல ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அதன் பிறகு நாலு மாதம் ஒருவரும் வரவில்லை. ஆள் இல்லாத வீடு அவ்வளவு சீக்கிரம் கெட்டுப் போகும் என்று எனக்குத் தெரியாது. புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கால்வாய் அடைத்து வாசலில் தண்ணீர் நின்றது. பித்தளைக்காக யாரோ தண்ணீர் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸில் போய்ச் சொன்னதற்கு எழுதிக் கொடுத்தார்கள். எழுதின தாளை மடித்து பைபிளில் வைத்தேன்.

நான் செய்ததில் எனக்கே வெட்கமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த நாலு மாதத்தில் மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் செய்தேன். தொள்ளாயிரம் கொடுக்கிற ஆள் வர வேண்டும் என்றுதான் தொடங்கினேன். ஆறாவது நாள் அது மாறிவிட்டது. அந்தப் பேராக் பிள்ளைகள் வேறு வேலை கிடைத்துப் போய்விட வேண்டும் என்று கேட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, முழங்கால் போட்டு, இன்னொருத்தி வீடு காலியாக வேண்டும் என்று கேட்டேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் பொறாமைப்பட்டேன் சாமி என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. ஃபாதரும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புல்வெட்டும் ஆளைக் கூட்டிக்கொண்டு செனாவாங் போனேன். அவன் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது, புல்தூசிக்கு ஒதுங்கி வீதியில் நின்றேன். ஓரகத்தி தன் வீட்டிலிருந்து வந்தாள். இரண்டு கையிலும் அடுக்குக் கேரியர், தோளில் மடித்த துணிகள் கொண்ட பெரிய பை. தலையில் வியர்வை வழிந்தது.

"அக்கா, இதுல ஒண்ணப் புடிங்க, கேட்டைத் திறக்கணும்."

வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. மூடி இடுக்கில் மீன் குழம்பு வாசம். அவள் ஒட்டின வீட்டுக் கேட்டைத் திறந்து, கேரியர்களையும் துணிப் பையையும் உள்ளே வைத்துவிட்டு, நேற்றைய காலிக் கேரியர்களையும் ஒரு கூடை அழுக்குத் துணியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாருக்கு இதெல்லாம்?" என்றேன்.

"இந்தப் பிள்ளைங்களுக்குத்தான். ரெண்டு வேளை சாப்பாடு, துணி தொவைக்கறது, தண்ணி, கரண்டு எல்லாம் சேத்துத்தானே தொள்ளாயிரம். ஆளுக்கு நானூத்தம்பது. வெறும் வீட்டுக்கு எவன் தருவான் தொள்ளாயிரம்?"

புல்வெட்டும் மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. ஆனால் நன்றாகத்தான் கேட்டது. சாப்பாட்டையும் துணியையும் கழித்தால் அவளுக்கு வாடகையாக என்ன நிற்கும் என்று அந்த இடத்திலேயே மனசு கணக்குப் போட்டது. ஐந்நூறுகூட நிற்காது.

"நீ எங்கிட்ட சொல்லலையே," என்றேன்.

"நீங்க எவ்வளவுன்னு கேட்டீங்க, சொன்னேன். எதுக்குன்னு கேக்கவே இல்ல. டப்புன்னு போனை வச்சிட்டீங்க."

"நான் தொள்ளாயிரம் கேக்குறேன்னு ஊருக்கே தெரியும். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அழுக்குத் துணிக் கூடையை இடுப்புக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். அவள் விரல் நுனிகள் சோப்பில் ஊறி வெடித்திருந்தன. "சொல்லியிருப்பேன். கொறைச்சுக் கேளுங்கன்னு சொன்னா, இவ பொறாமையில சொல்றான்னு நினைப்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதாக்கா?"

முப்பது வருஷத்துக்கு மேல் பழகினவள். அவள் சிரித்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள். நான் போகவில்லை. அந்தக் குழம்பை அன்றைக்கு என்னால் சாப்பிட்டிருக்க முடியாது.

மறுநாள் பூசை முடிந்ததும் அந்தப் பையனைத் தேடினேன். கோவில் வாசலில் மோட்டார்கள் நிற்கிற இடத்தில் இருந்தான். மனைவி கையில் துணியில் சுற்றின பிள்ளை. வீடு கிடைத்ததா என்று கேட்டேன். இன்னும் அதே அறைதான் என்றான். பிள்ளை நாள் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது, உறையில் இருந்த டெப்போசிட் காசு ஆஸ்பத்திரிச் செலவிலேயே போய்விட்டது. பரவாயில்லை, ஒரு மாத டெப்போசிட் போதும், எழுநூறுக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரிய மனசு பண்ணுகிற மாதிரிதான் சொன்னேன்.

அவன் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நாங்க போன வாரம் அந்தப் பக்கம் போய்ப் பாத்தோம். தண்ணி மீட்டர் இல்ல. புல்லு இந்த உசரம் நிக்குது. ஐந்நூத்தம்பது."

"முன்ன எழுநூறு தர்றேன்னு சொன்னது நீங்கதானே?"

"அப்ப மீட்டர் இருந்துச்சு. அப்ப எங்ககிட்ட காசும் இருந்துச்சு."

பையன் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எனக்கு ஆறரை நூறு என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இரண்டு இடத்தில் நின்றார்.

"அறுநூறு. மீட்டரை நான் போட்டுத் தர்றேன்," என்றேன்.

அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "கேட்டுக்குப் பெயிண்ட்டும் நீங்கதான்."

"சரி."

பக்கத்தில் வந்து நின்றவரிடம் அறுநூறுக்குப் பேசி முடித்துவிட்டேன் என்று சொன்னேன். முதலிலேயே அவர் சொன்ன விலை. அதைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பிள்ளையின் கால் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த வாரமே மகனை விட்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். மாதக் கடைசியோடு இரவு ஷிப்ட் முடிந்தது. எழுநூறு வெள்ளியை வேண்டாம் என்று சொன்ன அன்றிலிருந்து எத்தனை நாள் காலையில் அவர் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பார் என்று நான் கணக்குப் போடவில்லை. போட பயமாக இருந்தது.

குடி வந்த இரண்டாவது வாரம் வீட்டு ஜெபம் வைத்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரி என்பதால் நான் சேலை கட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே போனால் ஓரகத்தி முன் வரிசையில் பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள். குடி வந்த நாளிலிருந்து அவள்தான் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு செய்து அனுப்புகிறாளாம், காசு வாங்காமல். மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரம் வந்ததும் அந்தப் பெண் தீப்பெட்டியை எடுத்து, "அம்மா, நீங்க ஏத்துங்க," என்று அவளிடம் நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுக்காரம்மா, நீங்க இப்படி வாங்க, பாயில இடம் இருக்கு," என்றாள்.

என் வீடு. என் டைல்ஸ் தரை. நான் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொன்னார்கள். என் முறை வந்தபோது என் வீட்டுக்காரரின் காலுக்காக நன்றி சொன்னேன். வாய் அதைச் சொல்லும்போது உள்ளே, ஆண்டவரே, அந்த மெழுகுவர்த்தியை நான்தானே ஏற்றியிருக்க வேண்டும் என்று இன்னொன்று ஓடியது. ஆண்டவருக்கு இரண்டும் கேட்டிருக்கும்.

பிறகு மாதா பாட்டு தொடங்கியது. ஓரகத்தி எடுத்துக் கொடுத்தாள், வழக்கம் போல அழகாக. கதவோரம் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்று, ராகம் தப்பி, உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். சாயந்திரம் ஏழு மணி, அவர் ஷிப்டுக்குச் சட்டை மாட்டுகிற நேரம் அது. நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று முடிவு செய்தேன். பாதிப் பாட்டு வரைக்கும்தான் என்னால் முடிந்தது.